தக்காளிப் பெட்டியில் கட்டிய புடவைத் துணி

பெங்களூர் நீலசந்திராவில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் கதவு நேராகத் தெருவில் திறக்கும். காலையில் கதவைத் திறந்து, படிக்குக் கீழே சாக்கை விரித்து, தக்காளியைக் கூறு போட்டு வைத்துவிட்டு, நான் படிக்கு உள்பக்கம் உட்கார்ந்துகொள்வேன். எனக்குக் கூவி விற்க வராது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் இந்த வயதிலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு பிழைப்புக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று வந்தபோது, அந்த வாசல் இருந்ததால்தான் என்னால் வியாபாரம் என்று ஒன்றைச் செய்ய முடிந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டால் தண்ணீர் குடிப்பது போல உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுவிட்டு வருவேன். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். என் வீடுதானே.

எதிரே தள்ளுவண்டியில் கொத்தமல்லி, இஞ்சி, எலுமிச்சை வைத்து ஒரு பாயம்மா விற்பாள். அவளுடைய குரல் தெருமுனை வரை போகும். என்னைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

"அரே அக்கா, நீ தக்காளி விக்கிறியா, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு உக்காந்திருக்கியா? வாயத் தொற கொஞ்சம்!"

நான் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் என் வாய் தானாகத் திறக்கும். தக்காளி விலை ஏறிப்போய், கூறில் இரண்டு மூன்று பழம் குறைத்து வைக்க வேண்டி வந்தால், வாங்க வருகிற பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இன்னாம்மா இது, நேத்து வெச்சதுல பாதிகூட இல்ல. இந்த ரேட்டுக்கு ரசத்துல காட்டிட்டுத் திரும்ப எடுத்து வெச்சுக்கணும் போலருக்கே."

"விவசாயி இன்னாம்மா பண்ணுவான்?" என்பேன் நான். "காலம் தப்பி மழை பேயுது. ராயக்கோட்டைப் பக்கம் என் தம்பி தோட்டமே அழுகிப் போச்சு. எங்க நிலம்தான். ஒரு பழம்கூடக் கைக்கு வரல."

அதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் இருக்காது. கேட்டவர்களுக்கும் முகம் மாறிவிடும். "ஐயோ பாவம்" என்று சொல்லி, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் வியாபாரத்துக்காக அதைச் சொல்லவில்லை. என் தம்பிக்காகச் சொன்னேன்.

நிலம் ராயக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அப்பா போன பிறகு அதைப் பிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பாகம் பிரித்துக் கேட்டால் அத்தோடு பிறந்த வீட்டுக்குப் போகவர முடியாது என்று எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறக்காமலே தம்பிதான் சொன்னான். "அக்கா, பாதி உன்னுதுதான். நான் ஓட்டறேன். செலவு போக நிக்கறதுல பாதி உன் வாசலுக்கு வந்துரும்." அப்படியே வரவும் செய்தது. பொங்கலுக்கு முன்னால் வருவான். நிலக்கடலை, துவரை, கரும்புக் கட்டோடு, மடித்த பணத்தை என் கையில் கொடுக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போவான். எனக்குக் கை நீட்டி வாங்கக் கூச்சம் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பக்கத்தில் எல்லாரும் தக்காளிக்கு மாறினார்கள். அவனும் மாறினான். தக்காளி ஒரு வருஷம் தூக்கிவிடும், ஒரு வருஷம் கவிழ்த்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வெயிலும் மழையும் அப்போது ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டன. அதற்கப்புறம் அதுவும் போனது. மாசியிலேயே வெயில் சித்திரை மாதிரி அடித்தது. செடி நிறையப் பூ வைக்கும், ஒரு வாரத்தில் எல்லாம் கீழே கொட்டிக் கிடக்கும். வெள்ளை ஈ வந்து உட்கார்ந்து இலை எல்லாம் சுருண்டுபோகும். தப்பித்துக் காய்த்தது பழுக்கிற நேரம் பார்த்து மழை வரும். ஒரு மழைக்கே பழம் வெடித்துவிடும், வெடித்த இடத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். எதுவும் ஆகாமல் எல்லாருக்கும் நன்றாக விளைந்த வருஷத்தில் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூட ஆகவில்லை என்று ரோட்டோரம் கொட்டினார்கள். மாடு தின்றது போக மீதி அங்கேயே அழுகியது.

இதெல்லாம் யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மழைக்குப் பின் போனபோது, தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அழுகல் வாடை. தம்பி வரப்பில் உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்துப் பிதுக்கி, தண்ணீராக ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பங்கு வராத வருஷங்களில் நான் ஏன் என்று கேட்டதே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்தாயிற்று.

அதற்கு அடுத்த கோடையில் அவன் நீலசந்திராவுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"இனிமே பழைய மாதிரி தரையில நட்டா ஆகாதுக்கா," என்றான். "மேட்டுப் பாத்தி போட்டு, மேல பிளாஸ்டிக் சீட்டு விரிச்சு, உள்ள சொட்டுக் குழாய் விடணும். மழை எவ்ளோ பேஞ்சாலும் தண்ணி வழிஞ்சு ஓடிரும். வெயில்லயும் ஈரம் காயாது. குச்சி நட்டுக் கட்டிட்டா பழம் மண்ணுல படாது. அப்படிப் போட்டவனுக்கு நின்னிருக்கு. நான் பாத்தேன்."

"போடேன்டா அப்போ."

"போடலாம்."

அவ்வளவுதான் சொன்னான். கேட்கவில்லை. நானேதான் வளையலைக் கழற்றினேன். வீட்டுக்காரர் இருந்தபோது செய்து போட்டது. என் மகள் அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. அவள் தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆகி, சரிப்படாமல் திரும்பி வந்தவள். இரண்டு நாள் கழித்துத்தான், "அது எனக்குன்னு வெச்சிருந்தது இல்லியாம்மா?" என்று கேட்டாள். நிலமும் உனக்குத்தானே வரும், செடி நின்றால் வளையல் திரும்ப வந்துவிடும் என்றேன்.

சீட்டு விரித்து முதல் பறிப்பு நடந்தபோது நான் போயிருந்தேன். அந்த வருஷம் விளைச்சல் சுமார்தான், விலையும் சுமார்தான். போட்ட செலவு திரும்பியது, அவ்வளவுதான். அப்போது ஒரு தொல்லை இருந்தது. மண்டிக்குப் போகும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. திரும்பி வரும்போது நம் புதுப் பெட்டிக்குப் பதில் யாருடைய உடைந்த பெட்டியாவது வந்து சேரும். பெயிண்டில் எழுதினால் கழுவக் கழுவப் போய்விடும். அதனால் ஆளுக்கொரு அடையாளமாகக் கைப்பிடி ஓட்டையில் துணி கட்டுவார்கள். எல்லாரும் சிவப்பும் பச்சையும் கட்டியிருந்ததைப் பார்த்து, நான் என் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். வாடாமல்லி நிறம், கடுகு மஞ்சள் கரை. மகளுக்குக் காது குத்தும்போது எடுத்தது. நூல் நைந்திருந்தாலும் சாயம் போகவில்லை. நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் நானே கட்டினேன். அவிழாதபடி இரட்டை முடிச்சு.

"உன் பொடவைய கட்டிட்டா எந்தக் கும்பல்லயும் தெரியும்க்கா," என்று தம்பி சிரித்தான்.

மறு வருஷம்தான் அந்த மழை. இந்தப் பக்கம் மழையே வரக் கூடாத நாளில், நாள் கணக்காக விடாமல் கொட்டியது. நீலசந்திராவில் எங்கள் தெருவிலேயே சாக்கடை நிரம்பிப் படி வரை தண்ணீர் வந்தது. நான் தக்காளிக் கூடையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்தேன். அப்போதே மனசு ராயக்கோட்டைக்குப் போய்விட்டது. போன் போட்டேன்.

"எல்லாம் போச்சுக்கா," என்றான் தம்பி. "சீட்டு கீட்டு ஒண்ணும் நிக்கல. அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"நீ சாப்பிட்டியாடா?" என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.

அந்த நேரத்தில்தான் வீட்டு ஓனர் வந்து பேசினார். பெங்களூரில் எங்களைப் போன்றவர்கள் லீசுக்குத்தான் வீடு எடுப்போம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அந்தத் தொகை திரும்ப வரும். எங்கள் கெடு முடிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஏற்றிவிட்டார்கள், நீங்களும் கூடப் போட்டுக் கொடுத்தால் இருங்கள், இல்லையென்றால் வேறு ஆள் வருகிறார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மகள் ஆபீஸில் அட்வான்ஸ் கேட்டுப் பார்த்தாள். பத்தவில்லை. நான் தம்பிக்கு மறுபடியும் போன் செய்தேன். பங்கு என்ற வார்த்தையை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் என் வாயால் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை போனைக் கீழே வைத்துவிட்டேன்.

"பழைய வருஷத்துப் பங்குல ஏதாச்சும் இருந்தாக் குடுடா. வாசல் போயிரும் போலருக்கு."

"அக்கா, கடவுள் சாட்சியா கையில ஒண்ணுமில்ல. மழை என்னைக் கொன்னுட்டுப் போயிருச்சு. நான் எங்க போவேன் சொல்லு?"

அவன் குரல் உடைந்தது. கேட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மகள், "மாமா சொல்றது நம்பற மாதிரியே இல்லம்மா. விலை இப்பிடி ஏறியிருக்கு, யாராச்சும் சம்பாதிக்கிறாங்க இல்ல?" என்றாள். நான் அவளைத் திட்டினேன். பழம் இல்லாததால்தானே விலை ஏறுகிறது, அது தெரியாதா உனக்கு என்றேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் தக்காளி போடவில்லை. விற்கிறவள் வீட்டில் இல்லாமலா? இருந்தது. தம்பி தோட்டம் அழுகிக் கிடக்கும்போது எனக்கு அதை நறுக்க மனசு வரவில்லை. புளியை மட்டும் கரைத்து ஊற்றினேன்.

வீடு மாற்றுகிற அன்று தம்பி வந்தான். அவனாகவே வந்தான். டெம்போ ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"யாருதுடா வண்டி?"

"தெரிஞ்சவருதுக்கா. வாடகைக்கு ஓட்டறேன். வேற வழி?"

தோட்டம் வைத்திருந்தவன் டிரைவர் வேலைக்கு வந்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன். அவன்தான் பீரோவைத் தூக்கினான், கட்டிலைக் கழற்றினான். புது இடம் அதே நீலசந்திராவில் உள் சந்தில், மூன்றாவது மாடியில் ஒரு அறை. மூன்று மாடியும் அவன்தான் தோளில் சுமந்து ஏறினான். டீசலுக்கு என்று மகள் நீட்டியதை வாங்கவில்லை. "அக்காகிட்ட வாங்குவேனா?" என்றான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் பாயை விரித்தபோது அதில் தக்காளி விதைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. வண்டியின் தரையில் இருந்திருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்தேன். வேறு எதுவும் நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது மாடியில் உட்கார்ந்து யாருக்கு விற்பது? பாயம்மாதான் பஸ் ஸ்டாப் பக்கம் தன் வண்டியை மாற்றி, அதன் ஓரத்தில் எனக்கு ஒரு சாக்கு அளவு இடம் விட்டாள். முதுகுக்குப் பின்னால் கதவு இல்லாமல் அங்கே உட்கார்ந்த முதல் வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருக்கும். டிராபிக் போலீஸ் வந்தால் எல்லாரும் வண்டியைத் தள்ளுவார்கள், நான் சாக்கை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அங்கேயும் விலைக்குச் சண்டை பிடிக்கிறவர்களிடம் அதையேதான் சொன்னேன். "என் தம்பி தோட்டமே போச்சும்மா."

நாங்கள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போவோம். பாயம்மா கொத்தமல்லிக் கட்டுப் பக்கம் போய்விடுவாள். நான் முன்வரிசையில் வழக்கமாக வாங்கும் கடையில் வாங்குவேன். ஒரு நாள் அங்கே சரக்கு வரவில்லை. பின்வரிசையில் போய்ப் பாருங்கள் என்றார்கள். போனேன். ஒரு மண்டிக்கு முன்னால் லோடு இறக்கி என் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். நான் முதலில் பழத்தைத்தான் பார்த்தேன். அந்த மழைக்கு அப்புறம் அப்படிப்பட்ட பழத்தை நான் பார்த்ததில்லை. வெடிப்பு இல்லை, புள்ளி இல்லை, காம்போடு பளபளவென்று இருந்தது. அப்புறம்தான் கைப்பிடியைப் பார்த்தேன்.

வாடாமல்லி நிறம். கடுகு மஞ்சள் கரை. ஒரு பெட்டியில் இல்லை, மேலிருந்து கீழ் வரை எல்லாப் பெட்டியிலும்.

பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆளிடம் போய் நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை, முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நானாகப் போய்ப் பேசுகிறவள் இல்லை.

"இது எந்த ஊர் சரக்குப்பா?"

"ராயக்கோட்டைம்மா. நல்ல மால். எடுத்துக்கோ, மதியத்துக்குள்ள காலியாயிரும்."

"மழையில அங்க எல்லாம் போச்சுன்னாங்களே?"

"எல்லாருக்கும் போச்சு. இவருக்கு மட்டும் நின்னுது. சீட்டுப் போட்டு மேட்டுப் பாத்தியில வெச்சிருக்காரு. மழை விட்டதுலேர்ந்து இவரு மாலுதான் இங்க ராஜா. வந்த வெலையில டெம்போவே வாங்கிட்டாரு போ. லக்கு வேணும்மா எல்லாத்துக்கும்."

நான் அந்தப் பெட்டி ஒன்றை வாங்கினேன். விலை ஏறியதிலிருந்து நான் அரைப் பெட்டிதான் வாங்குவேன். அன்றைக்கு முழுப் பெட்டியையும் நானே வாங்கினேன், அவர்கள் சொன்ன விலைக்கு. ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விட்டுவிட்டு வர முடியவில்லை.

"க்யா அக்கா, லாட்டரி கீட்டரி அடிச்சியா?" என்றாள் பாயம்மா ஆட்டோவில். நான் துணியின் முடிச்சை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். நான் போட்ட இரட்டை முடிச்சுதான். அவன் அதை அவிழ்த்திருக்கலாம். அக்கா இதே ஊரில் தக்காளி வாங்கி விற்கிறவள் என்று தெரிந்தும் அவிழ்க்கவில்லை. அது யாருடைய புடவை என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கிறது. எனக்கு அதுதான் முதலில் வலித்தது.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா, "இன்னா அநியாயம் இது, பழம் நல்லாருக்கு, வெல கேட்டா மயக்கம் வருது" என்றாள். நான் வாயைத் திறந்தேன். வழக்கமான வார்த்தை வரவில்லை. "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன்.

காலிப் பெட்டியை மண்டியில் திருப்பிக் கொடுத்தால் அதற்குக் கட்டின டெபாசிட் வரும். நான் திருப்பவில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன், அங்கிருந்து ராயக்கோட்டை பஸ். மடியில் காலிப் பெட்டியோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கண்டக்டர் வேறு, "வெறும் பெட்டிய எங்கம்மா ஊர்வலம் கொண்டுபோற?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி வீட்டு முன்னால் அந்த டெம்போ நின்றது. கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். தம்பி பெண்சாதி மோர் கொண்டுவந்தாள்.

"வாங்க அண்ணி. இன்னா இது, காலிப் பெட்டியத் தூக்கினு?"

நான் பெட்டியைக் காலடியில் வைத்தேன். மோரைக் குடிக்கவில்லை. தம்பி தோட்டத்திலிருந்து வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவன், பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எங்கக்கா கெடச்சுது இது?"

"மார்க்கெட்ல."

"கிரேட்டு மாறிப் போறது சகஜம்தானேக்கா. எவனாவது எடுத்து அவன் மாலைப் போட்டு அனுப்பியிருப்பான்."

"அன்னிக்கு அடுக்கியிருந்தது அத்தனையும் மாறிப்போச்சா?"

அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். பேசியது அவன் பெண்சாதிதான்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பூ கொட்டினப்போ, இலை சுருட்டை வந்தப்போ, ரோட்டுல கொண்டுபோய்க் கொட்டினப்போ, மருந்துக் கடைக் கடன் ஏறினப்போ, நஷ்டத்துல பாதி குடுங்கன்னு உங்க வாசலுக்கு வந்தோமா? லாபம்னா மட்டும் பாதியா?"

அது நியாயமான கேள்வி. பங்கு வராத வருஷங்களில் என் நஷ்டம் அவ்வளவோடு போனது. அவர்களுக்குக் கடன் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. என் வளையல் மேட்டுப் பாத்தியில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தம்பியைத்தான் கேட்டேன்.

"இத நீ போன்லயே சொல்லியிருக்கலாமேடா. இந்த வருஷம் வந்திருக்கு, பழைய கடனுக்கே சரியாப் போகும், உனக்குத் தர முடியாதுன்னு."

"அடுத்த வருஷம் இன்னா ஆகும்னு யாருக்குக்கா தெரியும்? இத்தன வருஷத்துல ஒரு தடவதான் கையில நின்னுது. மழை எப்போ வரும், வெயில் எப்போ சுடும், ஒண்ணும் புரியல. குடுத்துட்டு மறுபடியும் போச்சுன்னா? பயமா இருந்துச்சு."

"பயமா இருக்குன்னு சொல்லேன். மழை மேல ஏன் போட்ட?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மழைன்னா நீ நம்புவேக்கா. மேல கேக்க மாட்டே."

அவன் வரப்பில் உட்கார்ந்து அழுதது, அழுகின பழம் அவன் விரலில் ஒழுகினது, எல்லாம் கண் முன்னால் வந்தது. நான் பார்த்ததை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறான்.

"வீடு மாத்த வந்தியேடா," என்றேன்.

"வராம இருக்க முடியலக்கா."

நான் பெட்டியை எடுத்து மடியில் வைத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மழையும் வெயிலும் பட்டு இறுகியிருந்தது. நகம் நோக நோக அவிழ்த்து, துணியை முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். "இரு, டெம்போவுல கொண்டுபோய் விடறேன்" என்று பின்னாலேயே வந்தான். பஸ்ஸிலேயே போகிறேன் என்றேன். பாகத்தைப் பிரித்துக் கேள் என்று மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டியதுதான். எனக்கு அந்த வீட்டுக்குப் போய் மறுபடியும் நிற்கத் தெம்பு வரவில்லை.

அதற்கு அப்புறம் மார்க்கெட்டில் வாடாமல்லித் துணியை நான் பார்க்கவே இல்லை. எல்லாப் பெட்டியிலிருந்தும் அவிழ்த்திருப்பார்கள், இல்லை அறுத்திருப்பார்கள். எந்தச் சரக்கு அவனுடையது என்று இனி எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் பங்குனியில் வெயில் எப்படி அடித்தது என்று எல்லாரும் அறிவோம். மூன்றாவது மாடி அறையில் சுவரைத் தொட்டால் சுட்டது. அது தணிவதற்குள் ஆலங்கட்டியோடு மழை வந்தது. தக்காளி மறுபடியும் ஏறியது. ஒரு காலை, நான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவன் போன் செய்தே வெகுநாள் ஆகியிருந்தது.

"அக்கா, போச்சுக்கா. பூவெல்லாம் வெயில்ல கொட்டிச்சு, இருந்ததை ஆலங்கட்டி அடிச்சுது. சீட்டெல்லாம் கிழிஞ்சு கெடக்கு. இந்தத் தடவ நெஜமாவே போச்சுக்கா."

அழுதான். அல்லது அழுதது போல இருந்தது. முன்பெல்லாம் என் தம்பியின் குரலில் எது நிஜம், எது இல்லை என்று எனக்குத் தெரியும். சரிப்பா என்றேன். சாப்பிட்டியா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் ஒரு சின்னப் பெண் வந்து விலை கேட்டாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டியிருந்தாள். விலை சொன்னேன்.

"அய்யோ, ஏன் ஆன்ட்டி இவ்ளோ?"

நான் பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாயம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. என் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்ட வார்த்தையை அவளே எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மழைம்மா, மழை! விவசாயி க்யா பண்ணுவான்? ராயக்கோட்டையில இந்த அக்காவோட தம்பி தோட்டமே அழுகிப் போச்சு. அவங்க சொந்த நெலம்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய் நிற்கச் சுவர் இல்லை. அந்தப் பெண் குனிந்து, நிஜமான இரக்கத்தோடு கேட்டாள்.

"அப்படியா ஆன்ட்டி? எல்லாமே போச்சா?"

"தெரியலம்மா," என்றேன்.